உப்புவெளி வெக்கையில் எடிட்டிங் கணனிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல்: எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். உப்புவெளியில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு, ஏசி இல்லாத அறை, கலியாண வீடியோ எடிட் செய்யும் கணனி. உள்ளே இன்டெல் ஐ7-12700கே புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3070 விஜிஏ, அதாவது கிராபிக்ஸ் கார்ட். எடிட் செய்ததை முழு வீடியோக் கோப்பாக்கும் ரெண்டரைப் பகலில் போட்டால் புரொசசர் 100 பாகைக்கு ஏறி, வேகம் விழுந்துவிடுகிறது. தண்ணீர்க் குளிரூட்டலுக்கு மாறினால் சரிவருமா, முதலில் எதை வாங்குவது, மீன்தொட்டி மோட்டரும் ஐஸ் வாளியும் வைத்து மலிவாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது தண்ணீரைப் பற்றி. உங்களுக்கு வேண்டியதோ, வறண்ட காற்று வீசும் கச்சான் காலத்துப் பகலிலும் மூன்று மணி நேர ரெண்டர் வேகம் குறையாமல் முடிவது. அதற்குத் தண்ணீர் ஒரு வழி, அது மட்டுமே வழியல்ல. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் கணனி திருத்தும் தொழிலுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. அதற்கு முன் கொட்பேயில் பலநாள் படகுகளின் எஞ்சின்களில் வேலை செய்தேன். கடல் தண்ணீரால் குளிரும் எஞ்சினில் எது அரிக்கும், எங்கே அடைக்கும், எந்த வாசர் எப்போது கசியும் என்று அங்கேதான் பழகினேன். கணனிக்குள் ஓடும் தண்ணீருக்கும் அதே குணம்தான், அளவுதான் சிறிது. கீழே வரும் கணக்குகள் உறுதியானவை. ‘இத்தனை பாகை குறையும்’ என்று நான் சொல்லும் இடங்கள் மட்டும் கைப்பழக்கத்தில் வந்த மதிப்பு. உங்கள் கேசிங்கை நேரில் பார்க்காமல் அதைவிடத் துல்லியமாக ஒருவராலும் சொல்ல முடியாது.

தண்ணீர் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டைக் காவிக்கொண்டு போகிறது. இதை முதலில் மனதில் பதியுங்கள். புரொசசரின் மேல் ஒட்டியிருக்கும் ‘புளொக்’ என்ற செப்புத் தகடு சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கிறது. தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஃபேன் ஊதும் காற்று அதை வாங்கி அறைக்குள் கொட்டுகிறது. தகடு தகடாக நிற்கும் சாதாரணக் கூலரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் செப்புக் குழாய்களுக்குள்ளும் சொட்டுத் தண்ணீர் ஆவியாகி, ஒடுங்கி, திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. கச்சான் காலத்தில் பிற்பகல் உங்கள் அறை 34 பாகை என்று வையுங்கள். நல்ல ரேடியேட்டர் பூட்டினாலும் தண்ணீர் 42, 44 பாகையில் நிற்கும். புரொசசர் 190 வாட் இழுக்கும்போது தண்ணீருக்கும் புரொசசரின் உள்ளுக்கும் இடையில் இன்னும் முப்பது, நாற்பது பாகை இருக்கும். கூட்டினால் எண்பதை ஒட்டி வரும். 24 பாகை ஏசி அறையில் அளந்து காட்டும் வீடியோக்களைப் பார்த்தால், அதில் வரும் ஒவ்வொரு எண்ணோடும் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மண்பானைத் தண்ணீர் கச்சானில் சில்லென்று இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் அப்படி நடக்காது என்று கடைக்கு வரும் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பானை குளிர்வது அதன் மேனியில் கசியும் தண்ணீர் காய்ந்த காற்றில் ஆவியாவதால். ரேடியேட்டர் மூடிய குழாய், உள்ளே இருக்கும் தண்ணீருக்கு ஆவியாக இடமில்லை.

ஐஸ் வாளிக் கதைக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை இழுக்கும். உங்கள் புரொசசர் 190 வாட்டில் ஓடினால் அந்த ஒரு கிலோ அரை மணி நேரத்துக்குள் தண்ணீராகிவிடும். மூன்று மணி நேர ரெண்டருக்கு ஆறு கிலோவுக்கு மேல் வேண்டும், அதுவும் வாளி சுற்றிலும் வாங்கும் வெக்கையைக் கணக்கில் எடுக்காமல். அதைவிடப் பெரிய ஆபத்து வேர்வை. குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கட்டுமல்லவா? காற்று 30 பாகையும் ஈரப்பதன் 75 வீதமும் இருக்கும் நாளில், 25 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் அப்படி நீர் கோக்கும். ஐஸ் தண்ணீர் ஓடும் புளொக்கின் வெளிப்புறத்திலும் குழாயிலும் கோத்து, நேரே மதர்போர்டில் சொட்டும். குழாய் ஒரு இடத்திலும் கசியாமலே கணனி நனைந்து சாகும். குளிர்சாதனப் பெட்டிக்குள் ரேடியேட்டரை வைக்கும் யோசனைக்கும் இதே பதில்தான். அத்தோடு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சாப்பாட்டின் சூட்டை மெதுவாக இழுக்கச் செய்தது. தொடர்ந்து நூற்றுக்கணக்கான வாட்டை அதற்குள் தள்ளினால் கொம்பிரசர் ஓயாமல் ஓடித் தோற்றுப்போகும்.

சாதாரணத் தண்ணீர்க் குளிரூட்டலில் இந்த நீர் கோக்கும் பயம் இல்லை. தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும், அதில் பனி கட்டாது. இது முழு உறுதி.

சரி, காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேசிங்கின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே ரெண்டரை, நாளின் அதே நேரத்தில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்தாறு பாகைக்கு மேல் குறைந்தால் பிரச்சினை கூலரில் இல்லை, கேசிங்குக்குள் காற்று போகவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குள் எவ்வளவு பெரிய ரேடியேட்டரைப் பூட்டினாலும் அதுவும் மூச்சு முட்டிக்கொண்டுதான் நிற்கும். அடுத்து, கூலரைக் கழற்றி, அதற்கும் புரொசசருக்கும் இடையில் பூசிய பேஸ்ட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இன்னொன்று உங்கள் புரொசசருக்கே உரியது. எல்ஜிஏ 1700 சொக்கெட்டின் பூட்டு புரொசசரை நடுப்பகுதியில் மட்டும் அழுத்துவதால், அதன் உலோக மூடி சற்றே வளைந்து, கூலரின் தகடு முழுவதும் பொருந்தாமல் போகிறது. அந்தப் பூட்டுக்குப் பதிலாகப் போட ‘கொண்டாக்ட் பிரேம்’ என்று ஒரு அலுமினியச் சட்டம் விற்கிறார்கள். விலை அதிகமில்லை, சில பாகை குறையும். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மிஞ்சி இறுக்கினால் ராம் ஒன்று தெரியாமல் போகிற கூத்தெல்லாம் நடக்கும்.

மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயோஸுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. 12700கேக்கு இன்டெல் சொன்ன உச்ச அளவு 190 வாட். பல மதர்போர்ட்கள் அந்த வரம்பைத் திறந்துவிட்டே வருகின்றன. அதை 150 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும், ரெண்டர் நேரம் அந்த அளவுக்குக் கூடாது. கடைசிச் சில நூறு மெகாஹேர்ட்ஸை எட்டத்தான் புரொசசர் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளில் எத்தனை நிமிடம் கூடுகிறது என்று ஒரே கோப்பை இரண்டு தரம் ரெண்டர் செய்து அளந்தால்தான் தெரியும். இப்போது 100 பாகையில் தானாகவே வேகம் விழுகிறதே, அதோடு ஒப்பிட்டால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லாமலும் போகலாம்.

அறையையும் மறக்காதீர்கள். புரொசசர் 190, விஜிஏ 220, இரண்டும் முழுப் பலத்தில் ஓடினால் 400 வாட்டுக்கு மேல். சின்ன அறையைச் சாத்திவிட்டு நூறு வாட் குண்டு பல்புகள் நாலை எரியவிட்டதற்குச் சமம். தண்ணீர்க் குளிரூட்டல் இதில் ஒரு வாட்டைக்கூடக் குறைக்காது. ஜன்னலில் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றைப் பூட்டி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, அறை இரண்டு பாகை இறங்கினால் புரொசசரும் ஏறக்குறைய இரண்டு பாகை இறங்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் தொண்ணூறைத் தாண்டினால் கூலரை மாற்றுங்கள். மூன்று பாதைகள் இருக்கின்றன. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர், எல்லாம் ஒன்றாகப் பூட்டி மூடி வரும் ஏஐஓ, நாமே பகுதி பகுதியாக வாங்கிக் கட்டும் கஸ்டம் லூப். நீண்ட ரெண்டரில் நல்ல காற்றுக் கூலருக்கும் 360 மில்லிமீற்றர் ஏஐஓவுக்கும் இடையே ஐந்து முதல் பத்துப் பாகை வித்தியாசம் வரும், இது என் அனுபவ மதிப்பு. கஸ்டம் லூப் புரொசசருக்கு மட்டும் என்றால், அந்த ஏஐஓவைவிடப் பெரிதாக எதையும் தராது. அதன் உண்மையான பலன் விஜிஏயையும் சேர்த்துக் கட்டும்போதும், சத்தமில்லாமல் ஓட்டும்போதும், பழுதான ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போதும்தான் தெரியும். நீங்கள் தொழில் செய்யும் கணனி என்பதால் என் வாக்கு ஏஐஓவுக்கு. ஆனாலும் காற்றுக் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும்தான், அதை எங்கள் ஊரிலேயே வாங்கலாம். திங்கட்கிழமை ஆல்பம் கொடுக்க வேண்டிய ஆளுக்கு அதுவும் சாதாரண விஷயமில்லை.

ஏஐஓ வாங்கினால் பூட்டும் விதத்தில் கவனம். உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது மேலே போய்த் தங்கும். பம்ப் பெரும்பாலும் புரொசசரின் மேல் உட்காரும் தலைக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலை லூப்பின் உச்சியாக இருந்தால் காற்று அங்கே சேர்ந்து, பம்ப் கறகறவென்று சத்தம் போட்டு, சீக்கிரம் தேயும். கேசிங்கின் கூரையில் ரேடியேட்டரைப் பூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. முன்பக்கம் பூட்டினால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாய் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் துளித்துளியாக ஆவியாகிப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆறு வருடத்தை ஒரு ஆயுளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்களுக்குக் கட்டிப் பார்க்கும் ஆசை இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. ஆசை இருப்பவர்களுக்கு அதைத் தடுக்கவும் மனம் வராது. முதல் லூப்பில் விஜிஏயைத் தொடாதீர்கள். ஒவ்வொரு 3070 கார்டின் பலகையும் ஒவ்வொரு விதம், அந்தப் பலகைக்கென்றே வெட்டிய புளொக் வேண்டும். புரொசசருக்கு மட்டும் கட்டுங்கள். எல்ஜிஏ 1700க்குப் பொருந்தும் செப்புப் புளொக், தொட்டியோடு சேர்ந்த டி5 வகைப் பம்ப், செப்பு அல்லது பித்தளை ரேடியேட்டர் ஒன்று, அதற்கேற்ற ஃபேன்கள், இரண்டு மீற்றர் மென்குழாய், குழாய் முனைகளைப் பூட்டும் ஆறு பிட்டிங். தண்ணீர் இறக்குவதற்கு ஒரு கிளைப் பிட்டிங்கும் சின்ன வால்வும். ரேடியேட்டர் அளவுக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. நூறு வாட்டுக்கு ஒரு 120 மில்லிமீற்றர் ஃபேன் அகலம், அதற்குமேல் இன்னொன்று. உங்களுக்கு 360. கேசிங்கில் இடமில்லாவிட்டால் 280. தகடுகள் மிக நெருக்கமாக அடுக்கிய ரேடியேட்டரை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மீன்தொட்டி மோட்டர் கேள்வியைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 2000களின் தொடக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே மீன்தொட்டிப் பம்பும் கார் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரும் கொண்டுதான். ஓடும், சந்தேகமில்லை. ஆனால் அது 230 வோல்ட்டில் தனியாக ஓடும் மோட்டர். கணனியைப் போட்டுவிட்டு மோட்டரைப் போட மறந்தால் சொல்ல ஆளில்லை. கணனிப் பம்ப் பவர் சப்ளையின் 12 வோல்ட்டில் கணனியோடு சேர்ந்து எழும்பும், தன் சுற்று வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும், நின்றால் எச்சரிக்கை வரும். பம்ப் நின்றாலும் புரொசசர் எரியாது. 100 பாகையை எட்டியதும் வேகத்தைக் குறைத்து, பிறகு தானே அணைந்துவிடும். மலிவாகச் செய்யப்போய் மோட்டார் சைக்கிள் ரேடியேட்டரைக் கொண்டுவருகிறார்களே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அது அலுமினியம்.

படகில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எஞ்சினுக்குள் ஒரு துத்தநாகக் கட்டியைப் பூட்டி வைப்போம். கடல் தண்ணீரில் வேறு வேறு உலோகங்கள் தொடர்போடு இருந்தால் அதில் மெலிந்தது கரையும். மற்றவை பிழைக்கட்டும் என்று துத்தநாகத்தைக் கரையக் கொடுக்கிறோம். சில மாதம் கழித்து அந்தக் கட்டியைக் கழற்றினால் எலி கொறித்த தேங்காய் போல இருக்கும். கணனி லூப்பில் செப்புப் புளொக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அந்தக் கட்டியின் இடத்தில் இருப்பது அலுமினியம். கரைந்து, வெள்ளைச் சேறாகிப் புளொக்கை அடைத்து, கடைசியில் ஓட்டை விழும். ஏஐஓக்களில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தே வருவதுண்டு. அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து ஆலையிலேயே மூடிவிடுவதால் அவை தாங்குகின்றன. அதனால்தான் ஏஐஓவைத் திறந்து வெறும் தண்ணீர் நிரப்ப வேண்டாம் என்கிறேன். கஸ்டம் லூப்பில் செப்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எது? கிணற்றுத் தண்ணீர் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது, கொதிக்கவைத்து ஆறவைத்ததும் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியேதான் இருக்கும். போன வருடம் ஒரு பொடியன் கொண்டுவந்த புளொக்கைத் திறந்தேன். மேல் மூடியின் நாலு திருகாணியையும் எடுத்துவிட்டு மூடியை நெம்பியதும் குளத்து வாசம் வந்தது. உள்ளே செப்பில் சீப்புப் பல் போல, ஒரு மில்லிமீற்றரைவிட மெல்லிய வரிவரியான வாய்க்கால்கள் இருக்கும். அந்த வரி ஒன்றுகூடத் தெரியவில்லை. மேலே பச்சைப் பாசி, நகத்தால் வழித்தால் வழுவழுவென்று வந்தது. அதன் கீழே கேத்தலின் அடியில் படிவது போல வெள்ளைப் படிவு. வினாகிரியில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் ஒரு மணி நேரம் தேய்த்த பிறகுதான் செப்பின் நிறம் தெரிந்தது. ஏழு மாதம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஓடியிருக்கிறது. புளொக் பிழைத்தது, பம்பின் பெயரிங் பிழைக்கவில்லை.

ஆயத்தமாகக் கலந்து வரும் கூலன்ட் ஒரு லீட்டர் வாங்கினால் யோசனையே வேண்டாம். நிறமில்லாததை வாங்குங்கள், பால் போன்ற நிறக் கூலன்ட்கள் வாய்க்காலில் படியும். காய்ச்சி வடித்த நீரில் பாசிக்கும் அரிப்புக்குமான மருந்துக் கலவையை அளவோடு சேர்ப்பது இரண்டாவது வழி. பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரைப் பற்றிக் கேட்பீர்கள். உப்பு நீக்கிய தண்ணீராக இருந்தால், மருந்து கலந்து பாவிக்கலாம். ஆனால் அதே கடையில் அதே மாதிரிப் போத்தலில் பற்றரி அசிட்டும் வைத்திருப்பார்கள். லேபலை வாசித்து, கேட்டு, உறுதிசெய்து வாங்குங்கள். கார் கூலன்டும் ஓடும். ஆனால் அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும் நஞ்சு. பிள்ளைகளோ பூனையோ உள்ள வீட்டில் சிந்தியதை அப்படியே விடக்கூடாது.

வளைத்துப் பளபளவென்று கட்டும், கண்ணாடி போன்ற கடினக் குழாய்கள் படத்தில் அழகு. முதல் லூப்புக்கு மென்குழாய்தான். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் சிறந்தது. தெளிவான பிளாஸ்டிக் குழாய்கள் சிலவற்றில் அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்லக் கரைந்து வந்து புளொக்கின் வாய்க்காலில் பிசினாக ஒட்டும். குழாயின் அளவு 10/16 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16. பிட்டிங்கும் அதே இரண்டு எண்ணோடு இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் கசியும். பிட்டிங்கின் மரை ஜி கால் அங்குலம், நேர்மரை. காற்றழுத்த வேலைக்கு விற்கும் கூம்புமரைப் பிட்டிங் பார்வைக்கு அதே போல இருக்கும், முறுக்கினால் உள்ளேயும் போகும். மரை நாடா சுற்றி இறுக்கிய அன்றே அக்ரிலிக் தொட்டி வெடிக்கும். கணனிப் பிட்டிங்கில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதைக் கையால் இறுக்கினால் போதும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். என் முதல் லூப்பில் கை இறுக்கத்தை நம்பாமல் பிளாயரால் அரைச்சுற்றுக் கூட்டினேன். ஓ-ரிங் நசிந்து அறுந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிரப்பி ஆறு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரவு எழும்பிப் பார்த்தால் புளொக்கின் கீழே வைத்த வெள்ளை டிஷ்யூவில் ஐம்பது சதக் குற்றி அளவில் ஒரு ஈர வட்டம். அந்த நேரம் மதர்போர்டுக்கு மின்சாரம் போகவில்லை, பம்புக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் துடைத்து, இரண்டு நாள் காயவைத்து, அதே போர்டை இன்றும் ஓட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மதர்போர்டிலும் விஜிஏயிலும் உள்ள எல்லா மின் இணைப்பையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனைச் செருகிக்கு விற்கும் சின்னப் பாலச் செருகியைப் போட்டால் பவர் சப்ளை தனியாக எழும்பும். பம்பை மட்டும் அதில் கொழுவுங்கள். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ வைத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். வடித்த நீர் மின்சாரம் கடத்தாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். போத்தலில் இருக்கும்வரை அது உண்மை. செப்போடும் தூசியோடும் சேர்ந்து ஓடிய பிறகு கடத்தும்.

பொருத்தும் ஒழுங்கைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. தொட்டி பம்புக்கு நேர் முன்னாலும் பம்பைவிட உயரத்திலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புளொக்குக்குப் பிறகு ரேடியேட்டரா, முன்னாலா என்பது முக்கியமல்ல. நிமிடத்துக்கு ஒரு லீட்டர் ஓடினாலே 190 வாட் சூடு அந்தத் தண்ணீரை மூன்று பாகைகூட உயர்த்தாது, லூப் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடுதான். புது ரேடியேட்டரை முதலில் வெந்நீராலும் கடைசியில் வடித்த நீராலும் கழுவுங்கள், பற்றாசு வைத்த மருந்து உள்ளே மிச்சம் இருக்கும். பம்பை ஒருநாளும் வெறுமையாக ஓட்டாதீர்கள், அதன் பெயரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். தொட்டியை நிரப்பி, பத்து விநாடி ஓடவிட்டு நிறுத்தி, குறைந்ததை நிரப்பி, கேசிங்கை அப்படி இப்படிச் சரித்துக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழி முழுக்கப் போக இரண்டு மூன்று நாளாகும். ஃபேன் வேகத்தைப் புரொசசர் சூட்டோடு கட்டாமல் தண்ணீர் சூட்டோடு கட்டினால் அது ஏறி ஏறி இறங்கிக் கத்தாது. ஒலி எடிட் செய்பவருக்கு இது பெரிய நிம்மதி.

நெருக்கமான தகடு வேண்டாம் என்றேனே, அது எங்கள் ஊருக்காக. கச்சான் தரைப்பக்கமிருந்து புழுதியை அள்ளி வரும், பின்னேரம் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். உப்பு ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். மாரி இரவுகளில் எங்கள் வீடுகளில் அது தினமும் நடக்கிறது. புழுதியும் அந்த ஈர உப்பும் சேர்ந்து ரேடியேட்டர் இடுக்கில் களி போலப் பிடிக்கும். அலுமினிய ஏஐஓ ரேடியேட்டர் என்றால் தகட்டு விளிம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். தகடு அகலமாக நின்றால் புளோவரால் ஊதியே எடுத்துவிடலாம். கச்சான் மாதங்களில் மாதம் ஒரு தரம் ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேசிங்கைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். காற்று நல்லாக வரும், உப்பும் அதோடு வரும். கூலன்டை வருடம் ஒரு தரம் மாற்றி, அப்போது புளொக்கைத் திறந்து பாருங்கள்.

வாங்குவதற்கு ஏஐஓவும் காற்றுக் கூலரும் எங்கள் ஊர்க் கடைகளில் சொல்லி எடுக்கலாம். கஸ்டம் லூப் சாமான் என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தேட வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் ஒரு பிட்டிங்கும் நாலைந்து ஓ-ரிங்கும் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஒரு ஓ-ரிங்குக்காகக் கணனி ஒரு வாரம் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதையும் ஓடர் போடும் முன் எனக்கு ஐந்து எண் எழுதுங்கள். ரெண்டர் ஓடும்போது அறையின் வெப்பநிலை, பக்கப் பலகை பூட்டியும் கழற்றியும் புரொசசர் சூடு, அந்த நேரம் புரொசசர் இழுக்கும் வாட், 150 வாட்டில் அதே ரெண்டர் எடுக்கும் நேரம். கேசிங்கின் பெயரையும் சேர்த்து எழுதினால், கூரையில் 360 போகுமா, ராமில் முட்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.